வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் மனிதப் பிழையும் சோர்வும்

வானில் பறக்கும் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல், உரிய உயரத்திலும் உரிய இடைவெளியிலும் செல்லும்படி தரையிலிருந்து வழிநடத்தும் பணி வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு எனப்படும். இப்பணியைச் செய்பவர் கட்டுப்பாட்டாளர். ரேடார் திரையைப் பார்த்தல், விமானிகளோடு வானொலியில் பேசுதல், அடுத்த நிலையத்தோடு தொலைபேசியில் தொடர்புகொள்ளுதல் ஆகிய அனைத்தையும் அவர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். இப்பணி 24 மணி நேரமும் நடைபெறுவது.

இத்துறையில் நேர்ந்த விபத்துகளின் வரலாற்றைப் படித்தால் ஒரு மாற்றம் புலப்படும். முதலில் “தவறு செய்தவர் யார்?” என்றே கேட்டார்கள். “அவரை அந்த நிலையில் விட்டவர் யார்?” என்ற கேள்வி பிந்தியே எழுந்தது.

சாகிரேப், 1976

1976 செப்டம்பர் 10 அன்று, அன்றைய யூகோஸ்லாவியாவின் சாகிரேப் நகருக்கு அருகே இரண்டு பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதின. ஒன்று லண்டனிலிருந்து இஸ்தான்புல் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸின் டிரைடன்ட் விமானம். மற்றொன்று ஸ்ப்ளிட் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குச் சென்ற டிசி-9. இரண்டிலும் இருந்த 176 பேரும் இறந்தனர்.

அக்காலத்தில் சாகிரேப் வான்பகுதி ஐரோப்பாவிலேயே மிக நெரிசலானவற்றுள் ஒன்று. அங்கே ஆள் பற்றாக்குறையும் நிலவியது. அன்று மாற்றாள் வரத் தாமதமானதால், மேல் அடுக்கைக் கவனித்த இருவரில் ஒருவர் அவரைத் தேடி எழுந்து சென்றார். கிராடிமிர் தாசிச் என்பவர் மட்டும் தனியே இருந்தார்.

டிசி-9 விமானம் 35,000 அடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆபத்தைக் கடைசி நேரத்தில் கண்ட தாசிச், ஏறுவதை நிறுத்தும்படி தம் தாய்மொழியிலேயே கூறினார். விமானி 33,000 அடியில் நிறுத்தினார். டிரைடன்ட் வந்துகொண்டிருந்ததும் அதே உயரத்தில்தான். தாசிச்சின் திரையோ டிரைடன்ட்டின் உயரத்தைச் சற்றுக் கூடுதலாகக் காட்டியிருந்தது.

கட்டுப்பாட்டாளர்கள் பலர்மீது வழக்கு நடந்தது. தண்டனை பெற்றவர் தாசிச் ஒருவரே. அவருக்கு 7 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சக கட்டுப்பாட்டாளர்கள் முறையிட்டதன் பேரில் 1978இல் அவர் விடுதலையானார்.

வேலைநிறுத்தம், 1981

அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 3 அன்று கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வோடு, வாரத்துக்கு 32 மணி நேர வேலை என்பதும் அவர்கள் கோரிக்கை. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம் என்று கூறிய அதிபர் ரொனால்ட் ரீகன், பணிக்குத் திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். எஞ்சியிருந்தவர்களின் வேலைச்சுமை கூடியது.

யூபர்லிங்கன், 2002

2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யாவின் துபலேவ் பயணிகள் விமானமும் டிஎச்எல் சரக்கு விமானமும் மோதின. 71 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு விடுமுறைச் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள்.

அந்த வான்பகுதியைச் சுவிட்சர்லாந்தின் சூரிக் நிலையம் கவனித்துவந்தது. இரவுப் பணியில் இருவர் இருந்தும், ஒருவர் ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். இது அங்கே நெடுநாள் வழக்கம். நிர்வாகமும் அறிந்தே இதை அனுமதித்திருந்தது. அன்று பராமரிப்பு வேலை நடந்ததால் ரேடார் முழுத் திறனோடு இயங்கவில்லை. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆபத்தைத் திரையில் கண்ட கார்ல்ஸ்ரூ நிலையத்தார் எச்சரிக்க முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை.

தனியே இருந்த பீட்டர் நீல்சன், தாமதமாகத் தரையிறங்க வந்த மற்றொரு விமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். மோதலுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே இருந்தபோது ஆபத்தைக் கண்டு, துபலேவைக் கீழே இறங்கச் சொன்னார். அதே விமானத்தில் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவியோ மேலே ஏறச் சொன்னது. விமானி நீல்சனின் சொல்லை ஏற்றார். சரக்கு விமானமும் தன் கருவியின் கட்டளைப்படி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தகைய நேரத்தில் கருவியின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்ற விதி இதன் பின்னரே தெளிவாக வரையறுக்கப்பட்டது.

2004 பிப்ரவரியில், விபத்தில் மனைவி மக்களை இழந்த ஒருவர் நீல்சனைக் கொலை செய்தார். ஆனால் 2007இல் சுவிஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் என அறிவித்த நால்வரில் மூவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள். தாசிச்சின் தண்டனைக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகள்.

உறக்கமின்மை

மனித உடலுக்கு ஓர் உட்கடிகாரம் உண்டு. நள்ளிரவு கடந்து விடியலுக்கு முன் அது உறக்கத்தையே நாடும். பணி நேரம் அடிக்கடி மாறினால் அக்கடிகாரம் குழம்பும்.

அமெரிக்காவில் “ராட்லர்” என்றொரு பணிமுறை வழக்கத்தில் இருந்தது. ஐந்து நாளில் இரண்டு மாலைப் பணி, இரண்டு காலைப் பணி, இறுதியில் ஓர் இரவுப் பணி. வார இறுதியில் நீண்ட விடுமுறை கிடைப்பதால் கட்டுப்பாட்டாளர்கள் பலர் இதை விரும்பினர். ஆனால் காலைப் பணி முடிந்த அன்றே இரவுப் பணிக்கு வருபவர் சரியாக உறங்க முடியாது.

2006 ஆகஸ்ட் 27 விடியலில் கென்டக்கி மாநில லெக்சிங்டனில் ஒரு விமானம் தவறான, குறுகிய ஓடுபாதையில் புறப்பட முயன்று விபத்துக்குள்ளானது. 49 பேர் இறந்தனர். முதன்மைத் தவறு விமானிகளுடையது என்றே விசாரணை முடிவு செய்தது. ஆயினும் கோபுரத்தில் இருந்த ஒரே கட்டுப்பாட்டாளர் இரு பணிகளுக்கு இடையே சுமார் 2 மணி நேரமே உறங்கியிருந்தார் என்பதும் தெரியவந்தது.

2011 மார்ச்சில், ரீகனின் பெயரையே தாங்கிய வாஷிங்டன் விமான நிலையத்தில், தொடர்ந்து நான்காவது இரவாகப் பணியில் இருந்த ஒருவர் உறங்கிவிட்டார். அங்கும் அவர் ஒருவரே பணியில் இருந்தார். இரண்டு விமானங்கள் கோபுரத்தின் உதவியின்றித் தரையிறங்கின. உயிர்ச்சேதம் இல்லை.

விதிகள்

இதன் பின் அமெரிக்காவில் 27 நிலையங்களில் இரவுப் பணிக்கு இரண்டாவது ஆள் அமர்த்தப்பட்டார். பணிகளுக்கு இடையிலான குறைந்தபட்ச ஓய்வு 8 மணியிலிருந்து 9 மணியாக உயர்ந்தது. 2024இல் அது 10 மணி நேரம் என்றும், நள்ளிரவுப் பணிக்கு முன் 12 மணி நேரம் என்றும் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பும், கட்டுப்பாட்டாளர்களின் சோர்வைக் கட்டுப்படுத்த உறுப்பு நாடுகள் விதிகள் வகுக்க வேண்டும் என்ற நெறியை 2020 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். சாகிரேப், சூரிக், லெக்சிங்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு இடங்களிலும் ஒருவர் தனியாக விடப்பட்டிருந்தார். ஓய்வு நேரத்தைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. ஓய்வுக்குச் செல்பவரின் நாற்காலியில் அமர இன்னொருவரைப் பணியில் வைத்திருக்கவும் வேண்டும்.