வேங்கடத்துக்கு அப்பாலிருந்து வந்த கண்ணகி

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் வரையறுத்தது; சிலப்பதிகாரமும் அவ்வெல்லையை ஏற்றுக்கொண்டு, அம்மலையில் நின்ற திருமாலின் கோலத்தைக் காடுகாண் காதையில் ஒரு மறையோன் வாயால் வருணித்தது. அந்த மலைக்குத் தென்கிழக்கே, அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், திருத்தணியைக் கடந்தபின் வருகிற புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தினால் தமிழகமெங்கும் பெயர் அறியப்பட்ட ஊர். 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் சில தாலுக்காக்களையும் கடப்பையின் சில தாலுக்காக்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைந்தபோது இவ்வூர்ப் பகுதியும் அதில் அடங்கியது. 1953இல் அந்த ஜில்லா ஆந்திர ராஜ்யத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது, புத்தூர் திரும்பவில்லை. அதனால் இந்த எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகள் பள்ளியில் கற்றது தெலுங்கு எழுத்தே ஆகையால், வீட்டில் பேசும் தமிழைக் காகிதத்தில் இறக்கும்போது தெலுங்கு லிபியில் இறக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வெளியூரார் கண்ணுக்கு விசித்திரமாகத் தோன்றும் இந்த வழக்கமே, தமிழ்ப் பேசும்படத்தின் சரித்திரத்தில் ஒரு மகத்தான காரியத்துக்குக் கருவியாக இருந்தது என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தூர் ஜில்லா பிறந்த அதே 1911இல், அதன் அண்டை ஜில்லாவாகிய கடப்பையில் பிறந்தவர் பசுபுலேட்டி கண்ணாம்பா. வளர்ந்தது கோதாவரி டெல்டாவைச் சேர்ந்த ஏலூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில். தாய்மொழி தெலுங்கு, கற்ற சங்கீதமும் ஏறிய மேடையும் தெலுங்கு. ஆயினும் 1942இல் ஜூபிடர் பிக்சர்ஸார் சிலப்பதிகாரக் கதையைப் படமாக்கியபோது, பாண்டியன் சபையில் நின்று நீதி கேட்ட கண்ணகியாக அவரே தோன்றினார். அன்று முதல் ஒரு தலைமுறைத் தமிழர்களுக்குக் கண்ணகியின் குரல் என்றால் கண்ணாம்பாவின் குரல் என்றாயிற்று.

அவர் எந்த மேடையிலிருந்து வந்தார் என்பதை முதலில் அறிய வேண்டும். தென்னாட்டு நாடகத்தில் ஸ்திரீ பார்ட் என்பது நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. இங்கிலாந்திலும் 1660க்கு முன் பையன்களே பெண் வேஷம் தரித்தார்கள். தமிழில் சங்கரதாஸ் சுவாமிகள் பயிற்றுவித்த பாலர் கம்பெனிகளும், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையும் இவ்வழக்கத்தையே கைக்கொண்டன. அச்சபையின் ரங்கவடிவேலு முதலியார் ஸ்திரீ பாத்திரங்களில் அடைந்த கீர்த்தியைப் பற்றிச் சம்பந்த முதலியார் உருக்கத்தோடு எழுதியிருக்கிறார். தெலுங்கில் ஸ்தானம் நரசிம்மராவ் அதே கலையின் சிகரமாக விளங்கினார். கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனி போன்ற விலக்குகள் தமிழில் இருந்தன. ஆனால் பெண் பாத்திரத்தைப் பெண்ணே ஏற்பதை ஒரு குலமுறையாகவே நிலைநாட்டியவர்கள் கடப்பை ஜில்லாவிலுள்ள சுரபி என்னும் கிராமத்தில் 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பத்தார். கண்ணாம்பா சுரபியைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் அவர் மேடையேறிய காலத்தில் ஆந்திர தேசத்து ரசிகர்கள் மேடையில் பெண்ணைக் கண்டு அதிசயிக்காத நிலை வந்திருந்ததற்கு இக்குடும்பமும், பெண்களை நாடகத்துக்கு அழைத்து வந்த பல்லாரி ராகவாவும் பெரிதும் காரணர்கள்.

ஏலூரில் ஹரிச்சந்திர நாடகம் நடந்த ஓர் இரவில், சந்திரமதி வேஷக்காரரின் பாட்டு சோபிக்காமல் சபையோர் ஆட்சேபித்தபோது, பார்வையாளராக வந்திருந்த பதினாறு வயதுக் கண்ணாம்பா மேடையேறி, இறந்த மகனை மடியில் கிடத்திப் புலம்பும் கட்டத்தைப் பாடி முடித்தார் என்பது தெலுங்கு நாடக உலகில் வழங்கும் செய்தி. அன்று முதல் சந்திரமதி அவருடைய பாத்திரமாயிற்று. தெலுங்கு மேடையின் உயிர்நாடி பத்தியம். அதாவது, வசனத்தின் உச்சியில் நடிகர் ஒரு செய்யுளை எடுத்து, ராகத்தில் விரித்து, இறுதிச் சொல்லை நீண்ட ஆலாபனையில் நிறுத்துவது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் செவியிலும் சொல் சிதையாமல் விழ வேண்டும். பாவம் குன்றாமல் மூச்சு நிற்க வேண்டும். பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ் மோர்’ என்ற கூக்குரலுக்கிணங்க மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டும். இந்தப் பயிற்சி பெற்ற சாரீரத்துக்கு, எவ்வளவு நீண்ட வாக்கியமும் மூச்சுக்கு எட்டாத பாரமாக இராது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோமாக.

1935இல் வெளிவந்த தெலுங்கு ‘ஹரிச்சந்திர’ படத்தில் அதே சந்திரமதியாகவே அவர் திரைக்கு வந்தார். மறு ஆண்டில் திரௌபதியின் வஸ்திராபகரணக் கதை தெலுங்கில் ஒரே சமயத்தில் இரண்டு படங்களாக எடுக்கப்பட்டது: ஒன்றில் மேதை பல்லாரி ராகவா துரியோதனன், மற்றொன்றில் கண்ணாம்பா திரௌபதி. வெற்றி பெற்றது பின்னதே. 1938இல் எச். எம். ரெட்டியின் ‘கிருஹலக்ஷ்மி’ வந்தது. குடியினால் ஒரு குடும்பம் சீரழிவதைக் காட்டும் அப்படத்தில் கண்ணாம்பா மனைவியாக நடிக்க, வி. நாகையா என்ற மேடை நடிகர் முதன்முறையாகத் திரையில் தோன்றினார். இந்த நாகையா நம் பிரதேசத்துக்கு நெருங்கிய உறவினர். குண்டூர் ஜில்லாவில் பிறந்தவராயினும், சித்தூர் ராம விலாச சபையின் மேடையில் சாரங்கதர நாடகத்துச் சித்ராங்கியாகப் பெண் வேஷம் புனைந்து புகழ் பெற்று, ஊர்ப்பெயரையே தம் பெயராக்கிச் ‘சித்தூர் நாகையா’ என்று இறுதிவரை வழங்கப்பெற்றவர். மேடையில் பெண்ணாக நடித்த ஆணும் மேடைக்குத் தானே வந்துவிட்ட பெண்ணும் ஒரே படத்தில் சந்தித்ததை, ஒரு யுகத்தின் முடிவும் மற்றொன்றின் ஆரம்பமும் என்றே கொள்ளலாம்.

அக்காலத்தில் தெலுங்குப் பெண்டிர் பேச்சில் காஞ்சனமாலா வளையல், கண்ணாம்பா லோலாக்கு என்ற இரண்டு ஆபரணப் பெயர்கள் புகுந்தன. ஒரு நடிகையின் காதணி அவர் பெயரால் கடைத்தெருவில் விலைபோவது, பத்திரிகை விமர்சனங்கள் காட்டாத ஒரு கீர்த்தியைக் காட்டுகிறது.

1940இல் ‘கிருஷ்ணன் தூது’ வழியாகத் தமிழுக்கு வந்தவர், மறு ஆண்டே ராஜா சந்திரசேகரின் ‘அசோக்குமார்’ படத்தில் தியாகராஜ பாகவதரின் குணாளனுக்கு எதிரே திஷ்யரக்ஷிதையாக நின்றார். அசோகச் சக்கரவர்த்தியாக நடித்தவர் நாகையா. மாற்றாந்தாயின் தகாத மோகத்தையும் பழிவாங்கும் வெறியையும் ஏற்று நடிப்பது, பதிவிரதைப் பாத்திரங்களால் பெயர் பெற்ற ஒருவருக்கு அபாயமான காரியம். கண்ணாம்பா அதற்கு அஞ்சவில்லை. அப்படத்துக்கு வசனம் எழுதியவர் இளங்கோவன்; இயற்பெயர் தணிகாசலம், அதாவது புத்தூர்க்காரர் அடிக்கடி போய்வரும் திருத்தணி மலையின் பெயர். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளராகிய இவரிடமிருந்தே தமிழ்ப் படம் பாட்டுக்களின் தோரணம் என்ற நிலையிலிருந்து வசனத்துக்கு உரிய கலையாக மாறத் தொடங்கியது என்பது திரை வரலாற்றாளர் பலரும் ஒப்பிய கருத்து. ‘அசோக்குமா’ரில் சந்தித்த இந்த எழுத்தும் இந்தக் குரலும் ‘கண்ணகி’யில் முழுமையாக ஒன்றுசேர்ந்தன.

ஆர். எஸ். மணி இயக்க, பி. யு. சின்னப்பா கோவலனாக நடித்த அப்படத்தில் கண்ணாம்பா தமிழை எவ்வாறு பேசினார்? வசனங்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனனம் செய்து பேசினார் என்பது பரவலாகக் குறிக்கப்பட்ட செய்தி. இதைப் பலர் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லிக் கடந்துவிடுகின்றனர். எங்கள் எல்லைப்புறத்து வழக்கத்தைக் கண்கூடாகக் கண்டவர்களுக்கு இது ஆராயத்தக்க விஷயம். தமிழ் லிபியில் ‘க’ என்ற ஓர் எழுத்தே ‘கல்’லில் ஒருவிதமாகவும் ‘தங்க’த்தில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது, எங்கே வல்லொலி, எங்கே மெல்லொலி என்பதைத் தமிழ்ப் பிள்ளை செவிப்பழக்கத்தால் அறிகிறது, அந்நியர் தடுமாறுகின்றனர். தெலுங்கு லிபியிலோ ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து உண்டு. ‘பாண்டியன்’ என்று எழுதும்போதே, நடுவிலுள்ள டகரம் மெலிந்து ஒலிக்க வேண்டும் என்பது எழுத்திலேயே தீர்மானமாகிவிடும். மேலும் எகர ஒகரக் குறில்கள் தெலுங்கில் உண்டு; தேவநாகரியில் எழுதிப் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே காதால் கேட்ட தமிழைக் கூடியவரை சிதையாமல் காகிதத்தில் பிடித்துவைக்கத் தெலுங்கு லிபி ஏறக்குறைய ஒரு ஸ்வரக் குறிப்பைப் போலவே உதவும்.

கைகொடுக்காத இடங்களும் உண்டு. ழகரத்துக்கு இன்றைய தெலுங்கில் எழுத்தில்லை. ‘பழி’ என்ற சொல்லை எழுதினால் ளகரமாகவே அமையும். ‘குற்றம்’, ‘கொற்றவன்’ ஆகிய சொற்களின் இரட்டை றகரத்துக்கு டகர ரகரக் கூட்டை நாட வேண்டும். கண்ணகியின் வழக்குரையில் பழி, குற்றம், கொற்றம் ஆகிய சொற்களைத் தவிர்க்க இயலுமா? அவ்விடங்களைச் செவியாலும் நாவாலும் தனியே பயின்றே ஒருவர் சாதிக்க வேண்டும். படத்தைக் கேட்போர், அவருடைய உச்சரிப்பில் தெலுங்கின் சாயல் அடியோடு மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள். உயிரெழுத்துக்களின் நீட்சியிலும் வாக்கிய முடிவின் ஏற்றத்திலும் பத்திய மேடை கேட்கத்தான் செய்கிறது. என் கருத்து, அந்தச் சாயலே பாத்திரத்துக்கு அனுகூலமாயிற்று என்பது. மதுரைக்குக் கண்ணகி அயலூராள்; அவள் பேச்சு அரசவைப் பேச்சாக இராமல், மேடை நடுவில் தனித்து நிற்பவளின் பேச்சாகவே ஒலிக்க வேண்டியிருந்தது. அவ்வசனங்கள் சிறு புத்தகங்களாக அச்சாகி விற்றன. வாங்கிப் படித்தவர்கள் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தோடேயே படித்தார்கள்.

தம் கணவர் கடாரு நாகபூஷணத்தோடு சேர்ந்து ராஜராஜேஸ்வரி என்ற பெயரால் முதலில் நாடக மண்டலியும் பிறகு படக்கம்பெனியும் நடத்தியவர் அவர். 1944இல் நாகபூஷணத்தின் இயக்கத்தில், சின்னப்பாவோடு சந்திரமதியாகத் தமிழிலும் நடித்தார். ஏலூர் மேடையில் பிறந்த பாத்திரம் இவ்வாறு தமிழுக்கும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில்தான் ஏ. வி. மெய்யப்பன் கன்னட ஹரிச்சந்திரப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். பிறர் உருவத்துக்குத் தமிழ்க் குரலை ஒட்டும் உபாயம் தமிழகத்தில் தோன்றிய அவ்வாண்டிலேயே, தம் குரலைத் தாமே தமிழாக்கிக்கொண்ட ஒருவர் அதே கதையில் நடித்தது குறிக்கத்தக்கது. 1947இல் வந்த தெலுங்கு ‘பல்நாட்டி யுத்த’த்தில் அரசியல் சூழ்ச்சி மிக்க மந்திரிணி நாகம்மாவாக நடித்ததையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும்; கற்பரசிகளையே அவர் நடித்தார் என்று எண்ணுவது பிழை.

1954இல் ‘மனோகரா’ வந்தது. இப்படத்தின் பின்னணியில் ஒரு பழைய கடன் தீர்ந்தது. பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு 1891இல் சென்னைக்கு வந்தபோது, அதைப் பார்த்து உள்ளம் கவரப்பட்டே சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அச்சபைக்காக அவர் எழுதிய நாடகங்களில் ஒன்று மனோகரன். தெலுங்கு மேடையின் தூண்டுதலால் பிறந்த தமிழ் நாடகத்தில், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தெலுங்கு மேடையில் தேர்ந்த ஒரு பெண் பத்மாவதி ராணியாக வந்தார். மு. கருணாநிதியின் வசனம், எல். வி. பிரசாத்தின் இயக்கம், சங்கிலியால் பிணிக்கப்பட்ட மகனாகச் சிவாஜி கணேசன். படமுழுதும் மகனைப் பொறுமை காக்கச் சொன்ன தாய், இறுதியில் அந்தக் கட்டளையைத் தாமே விலக்கும் இடத்தில், அதுவரை அடக்கி வைத்த சாரீரத்தை முழுதும் திறந்து விடுகிறார். கணேசனின் முழக்கத்துக்கு எதிரே நின்று ஈடுகொடுக்கும் குரல் அன்று வேறு யாருக்கு இருந்தது? ஏறக்குறைய அதே காலத்தில், 1952இல், இங்கிலாந்தில் மேடை நடிகை எடித் எவன்ஸ், ஆஸ்கார் ஒயில்டின் நாடகத்துச் சீமாட்டி பிராக்னெலைத் திரையில் நடித்து, முதிர்ந்த ஒரு மேடைக் குரலின் ஆட்சியைத் திரை எவ்வளவு நுட்பமாகக் காட்ட வல்லது என்று நிரூபித்தார். சுபாவத்தில் இரண்டும் வேறு. ஒன்று ஹாஸ்யம், மற்றது சோகம். மேடையில் கற்ற வித்தையைத் திரைக்காகக் குறைத்துக்கொள்ளாத துணிவு இருவருக்கும் பொது.

அதன்பின் அவர் தமிழ்ப் படங்களின் தாய். 1956இல் ‘தாய்க்குப்பின் தாரம்’, 1958இல் ‘உத்தம புத்திரன்’, 1962இல் ‘தாயைக் காத்த தனயன்’ என்று வரிசை நீளும். 1960இல் வந்த ‘படிக்காத மேதை’யில் எஸ். வி. ரங்காராவும் அவரும் தம்பதிகளாக ஒரு தமிழ்க் குடும்பத்தின் சுகதுக்கங்களை நடத்திக் காட்டியபோது, இருவருக்கும் தாய்மொழி தெலுங்கு என்ற நினைவே யாருக்கும் எழவில்லை. கண்ணகியின் உரத்த குரல் அங்கே தாழ்ந்து, ஒரு குடும்பத் தலைவியின் அன்றாடப் பேச்சாகிவிட்டிருந்தது. இருபது ஆண்டுகளில் அவர் தமிழைத் தெலுங்கு எழுத்திலிருந்து தம் மூச்சுக்கு மாற்றிக்கொண்டதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1964 மே 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.

புத்தூர், நகரி, திருத்தணி, சித்தூர் வட்டாரத்து வீடுகளில் தெலுங்கு எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டு நோட்டுகளும், கிழிந்த வசனப் புத்தகங்களும் பெட்டிகளில் இன்னும் கிடக்கக்கூடும். அவை நம் பாட்டிமார் எவ்வாறு தமிழைக் காத்தார்கள் என்பதற்கும், கண்ணாம்பா எவ்வாறு தமிழைக் கற்றார் என்பதற்கும் ஒருங்கே சாட்சியாவன. அவற்றைப் பழைய தாளென்று எடைக்குப் போட்டுவிடாமல், பிள்ளைகளைக் கொண்டு ஒரு பிரதியாவது எடுத்து வைக்குமாறு இவ்வட்டாரத்து அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.