காடி, சுண்ணாம்பு, அமோனியா: கொங்குப் பாறைகளில் நுண்ணுயிரும் துப்புரவும்

பரமத்தி வேலூரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரை கரூர் மாவட்டம். அங்கே புகளூரை ஒட்டிய வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார்மலை இருக்கிறது. யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமண முனிவர் தங்குவதற்காக அங்கே கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியைச் சேர அரசர் மூன்று தலைமுறையினரின் பெயர்களோடு சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அந்தக் குகைத்தளத்தில் உள்ளது. காலம் கி.பி. 2–3ஆம் நூற்றாண்டு. சேரர் வரலாற்றுக்காக இதைப் பலரும் படித்துவிட்டார்கள். அந்த எழுத்துகளைத் தாங்கும் பாறையின் மேல் வாழ்வன எவை, அவற்றை அந்தந்தக் காலத்தவர் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று சேலம் சமவெளியின் எந்த மொட்டைப் பாறையைப் பார்த்தாலும் உச்சியிலிருந்து தார் ஊற்றியது போலக் கறுப்புக் கோடுகள் இறங்கும். பலர் அதை மழைக்கறை என்பார்கள். உண்மையில் அது உயிர். மழைநீர் வழியும் தடத்தில் மட்டும் குடியேறிய நீலப்பச்சைப் பாசி நுண்ணுயிர்களின் படலம். கோடை வெயிலைத் தாங்க அவற்றின் உறையில் ஸ்கைட்டோனெமின் என்ற கருநிறமி உண்டு. புற ஊதாக் கதிரை அது தடுக்கிறது. இந்த நிறமிக்கு நேகெலி பெயரிட்டது 1849இல். அதன் வேதியமைப்பு தெளிவானது 1993இல்தான். சித்திரையில் தொட்டால் சொரசொரவென்று செத்த பொருக்காகத் தெரிவது, ஐப்பசியின் முதல் மழையில் நனைந்த சற்று நேரத்திலேயே விழித்து ஒளிச்சேர்க்கை செய்யத் தொடங்கும். பாறை ஏறுபவர்கள் வழுக்கி விழுவதும் இந்தத் தடத்தில்தான்.

கோடுகளுக்கு வெளியே சாம்பலும் மஞ்சளுமாக வட்டத் திட்டுகளாய்ப் படிந்திருப்பது லைக்கன். மசாலாவில் போடும் கல்பாசி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். லைக்கன் ஒரே உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் வாழ்வு என்று சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் சொன்னபோது அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. லைக்கனின் பூஞ்சை இழைகள் படிகங்களின் இடைவெளியில் நுழைகின்றன. நனைந்து உப்பி, உலர்ந்து சுருங்கிச் செதில்களைக் கிளப்புகின்றன. ஆக்சாலிக் அமிலமும் சுரக்கின்றன. சுண்ணாம்புக் கல்லை இந்த அமிலம் விரைவில் தின்றுவிடும். நம் கருங்கல்லில் வேலை மெதுவாக நடக்கிறது. முதலில் தளர்வது கறுப்பு அப்பிரகம். இந்த மெதுவான வேகத்தை மறந்துவிட்டு அவசரப்பட்டதுதான் பிற்காலத் துப்புரவின் கதை.

பழையவர்கள் அவசரப்படவில்லை. தமிழகத்துச் சமணக் குகைத்தளங்கள் பலவற்றில் முகப்புப் பாறையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கும். மேலிருந்து வழியும் நீர் உள்ளே புகாமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். கல்வெட்டியலாளர் இதைக் காடி என்பர். காடி வெட்டிய கல்தச்சருக்குப் பாசியின் உயிரியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. நீர் போகும் வழியை மாற்றினால் கறுப்புக் கோடும் அந்த வழியிலேயே போகும் என்று கண்ணால் கண்டிருப்பார்கள். நுண்ணுயிர்க் கட்டுப்பாட்டின் தமிழக வரலாற்றைத் தொடங்க இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கட்டம் சுண்ணாம்பு. கோயில் சுவரில் திருப்பணிதோறும் வெள்ளையடிப்பதைக் கலை வரலாற்றாளர்கள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். எழுத்து மறைந்தது உண்மைதான். ஆனால் புதுச்சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பாசி பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிச் சுண்ணாம்பு தன் காரத்தை இழக்கும்வரை அதுவே காவல்.

இந்தியத் தொல்லியல் துறை வந்தபின் கண்ணோட்டம் மாறியது. 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். 1923இல் ஜான் மார்ஷலின் பாதுகாப்புக் கையேடு. இடையில் 1917இல் முகமது சனாவுல்லா துறையின் முதல் தொல்லியல் வேதியியலாளராக அமர்ந்தார். சில ஆண்டுகளில் அவருடைய ஆய்வகம் டேராடூனுக்குப் போனது. அங்கிருந்து வளர்ந்த நடைமுறையை இன்றும் காணலாம். அமோனியாவும் சோப்புக் கரைசலும் சேர்த்துத் தேய்ப்பார்கள், பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள், கடைசியில் நீர் ஒட்டாதிருக்க அக்ரிலிக் பூச்சு. பூஞ்சைக்கொல்லியாக வெகுகாலம் பயன்பட்டது சோடியம் பென்டாகுளோரோஃபினேட். அந்தக் குடும்பத்து நஞ்சு 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது.

இந்த நடைமுறையின் பெரிய சோதனைக்களம் கம்போடியா. 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் பணிசெய்து லைக்கனைக் களைந்தது. சுவர்கள் வெளுத்தன. ஆனால் லைக்கன் விட்டுப்போன இடத்தைக் கறுப்பு நுண்ணுயிர்கள் பிடித்துக்கொண்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கறுத்த கல் வெயிலை அதிகம் வாங்கிச் சூடேறியது. அது மணற்கல், கொங்குக் கல்லோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. என்றாலும், குடியிருந்ததைக் கொன்றால் அடுத்து வருவது யார் என்ற கேள்வி எந்தக் கல்லுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைக் கேளாமல் நடந்தது மணல்வீச்சு. கம்ப்ரஸரில் காற்றை அழுத்தி, குழாய் வழியே மணலைச் சுவரில் அடித்துச் சுண்ணாம்பையும் பாசியையும் ஒரே மூச்சில் உரித்தார்கள். கோயில் ஒரு வாரத்தில் புதிதாகிவிடும். கூடவே உளிவேலையின் வழுவழுப்பும் கல்வெட்டின் கூர்விளிம்பும் போய்விடும். சொரசொரப்பான கல்லில் நீர் அதிகம் தங்கும், தூசு அதிகம் ஒட்டும், வித்துகள் எளிதில் ஊன்றும். எதை ஒழிக்கப் போனார்களோ அதற்கே பாத்தி கட்டிக் கொடுத்தார்கள். நூற்றாண்டுகளாக லைக்கன் செய்யாத சேதம் இது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 வழிகாட்டுதல்களை வழங்கியதன் பின்னணியில் இத்தகைய திருப்பணிகள் மீதான குறைகளும் இருந்தன.

நாமக்கல் மலையில் பிரச்சினை வேறு வகை. அங்குள்ள நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் கி.பி. 8ஆம் நூற்றாண்டு அதியர் காலத்தவை. அரங்கநாதர் குடைவரையைக் கல்வெட்டு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்கிறது. குடைவரைக்குள் வெயில் இல்லை, ஆகவே பாசிக்கு இடமும் குறைவு. ஆனால் மின்விளக்கு போட்டால் அதுவே வெயில். பிரான்சின் லாஸ்கோ குகை 1948இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. விளக்கொளியும் கூட்டத்தின் மூச்சுக்காற்றும் சேர்ந்து ஓவியச் சுவரில் பச்சைப் பாசி படர, 1963இல் மூடப்பட்டது. நாமக்கல்லில் நரசிம்மருக்கு எதிரே கூரையின்றி வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரின் நிலை இதற்கு நேரெதிர். மழையும் வெயிலும் நேரே படுகின்றன. பாலும் தயிரும் அபிஷேகத்தில் வழிகின்றன. இவை நுண்ணுயிருக்கு நல்ல உணவு. அன்றாடம் உடனுக்குடன் நீர்விட்டு அலசுவதே அங்கே பாதுகாப்பு. ரசாயனம் எதுவும் அந்த அலசலுக்கு ஈடாகாது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நகரக் காற்று கெட்டால் லைக்கன் மறையும் என்பதைப் பாரிஸ் பூங்காவொன்றில் 1866இலேயே வில்லியம் நைலாண்டர் கண்டார். கால்நடைப் பண்ணைகளின் அமோனியா படியும் பகுதிகளில் நைட்ரஜனை விரும்பும் மஞ்சள் லைக்கன் பெருகுவது ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்டது. நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைக்குப் பஞ்சமில்லை. பரமத்தி வேலூர் வழியே நெடுஞ்சாலை லாரிப் புகை. கபிலர்மலைப் பக்கம் வெல்ல ஆலைகள். எந்தப் பாறையில் எந்த நிறத் திட்டு எவ்வளவு விரிகிறது என்று ஆண்டுதோறும் படமெடுத்து அளப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடைக்காது.

கல்வெட்டுகளை மைதடவித் தாளில் மைப்படி எடுப்பவர்கள் இந்த அளவீட்டில் உதவலாம். தாளை அப்புவதற்கு முன் தூரிகையால் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவுவது அவர்கள் வழக்கம். அப்போதே லைக்கனின் மேற்பகுதியும் போய்விடுகிறது. தேய்க்கும் முன் அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் போதும். பழைய மைப்படிகளில் எழுத்து விடுபட்ட இடங்களை இன்றைய லைக்கன் திட்டுகளோடு ஒப்பிடுவது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தாராளமாகக் காணும்.