நாகூருக்குப் போக ஒரு விசா

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசப் பயணக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளில் அது நின்றது. தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவருக்கு ஒன்று புலனாகும். அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் போகிற எந்தக் கப்பலும் பொத்துவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று வரிசையாகக் கிடக்கும் அம்பாறைக் கரையோரத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். கப்பல்கள் கடந்து போகின்றன, நிற்பதில்லை. நிற்பதற்கென்று ஒலுவிலில் ஒரு துறைமுகம் கட்டப்பட்டது. அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அது. 2000 செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் மூடியதும், பக்கத்துக் கரையைக் கடல் தின்றதும் தனிக்கதை.

இக்கரையின் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களைக் கப்பலோடு சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சிங்களத்தில் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய பழஞ்சொற்களில் ஒன்று 'மரக்கல'. மரக்கலத்தில் வந்தவர் என்பது அதன் பொருள். இதைச் சிலர் இழிவாகவும் சொல்வதுண்டு. ஆனால் கல்முனைப் பகுதியில் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் அமர்பவருக்கு 'மரைக்காயர்' என்றே பட்டம். காயல்பட்டினத்திலும் நாகூரிலும் கப்பல் வைத்திருந்தவர்களுக்கு வழங்கிய அதே பெயர். வயலும் தறியுமாக வாழும் ஊர்களில், கடலோடியின் பெயர் பள்ளிவாசல் பதவிப் பெயராக உறைந்து கிடக்கிறது.

இன்னொரு சான்று கடற்கரையிலேயே நிற்கிறது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி, நாகூர் ஆண்டகை தர்கா. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது அவர்களின் நினைவிடம் அது. கடலோடிகளின் காவலராகக் கருதப்பட்டவர் அவர். ஆதலால் தமிழ் முஸ்லிம் கடலோடிகள் போன இடமெல்லாம் அவருக்கு ஒரு நினைவிடம் எழுந்தது. பினாங்கில் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது ஒன்று உண்டு. கல்முனையிலுள்ளது ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழமையுடையது என்று ஊரார் சொல்வர். ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையில் நாகூரில் கொடியேறும்போது இங்கும் கொடியேறுகிறது. பன்னிரண்டு நாள் விழா. தர்கா வழிபாடு கூடுமா கூடாதா என்ற விவாதம் இக்கரையில் சூடாகவே நடந்துவருகிறது. அதற்குள் நான் போகவில்லை. என் கவனம் வேறு. மக்கள் நாகூருக்குப் போக முடியாதபோது நாகூர் இங்கே வந்திருக்கிறது. பெரியவருக்கு விசா தேவைப்படவில்லை.

மனிதருக்குத் தேவைப்பட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டால், பலரும் நினைப்பதைவிட அண்மையில்தான் என்பதே விடை.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயரைத் தாங்கிய நீராவிக் கப்பல்கள். சென்னையில் ரயிலேறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பில் இறங்கினார். கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. இரண்டும் ஒரே பேரரசின் நிலங்கள். ஆனால், காகிதம் கேட்கப்படவில்லையே தவிர, கேள்வி கேட்கப்படாமல் இல்லை. காலராவுக்கும் பிளேக்குக்கும் அஞ்சி, இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே மண்டபத்தில் ஒரு தடுப்பு முகாமை நடத்திவந்தது. தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் அங்கே தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பிறகே கப்பலேறினர். அதற்கும் முன்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தகரத் துண்டு முறை வந்துவிட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லை. எழுத்தறியாத மனிதர் அதை அணிந்துகொண்டு கடல் கடந்தார். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. இன்று நம் கைப்பேசித் திரையில் வரும் அனுமதி எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரம்தான் நினைவுக்கு வருகிறது. புறப்படுமுன்பே ஒருவரை எண்ணாக்கி, அந்த எண்ணை மறுகரைக்குத் தெரிவித்துவிடுவது அன்றே கண்டுபிடிக்கப்பட்ட முறைதான்.

சுதந்திரம் வந்ததும் கதவு மூடியது. 1948இல் இலங்கை இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து இயற்றியது. 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதை வாசகர்கள் அறிவார்கள். அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் அது. 1949 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் அன்றே பிறந்தது. தலைமுறை தலைமுறையாக வள்ளத்தில் போய் வந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த நாளிலிருந்து ஒரு புதுப்பெயர் கிடைத்தது: கள்ளத்தோணி. தோணி பழைய தோணிதான். கள்ளம் மட்டும் புதிது. அந்தச் சொல் பின்னர் தோணியில் கால் வைத்தே அறியாத, மலையகத்தில் பிறந்த குழந்தைகள் மீதும் வீசப்பட்டது.

மண்டபம் முகாமின் பிற்காலக் கதையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் வந்திறங்கித் தங்கியது அந்த முகாமில். 1983க்குப் பிறகு போருக்கு அஞ்சி வள்ளமேறி வந்த ஈழத் தமிழர் அகதிகளாகப் பதிவானதும் அதே முகாமில். இலங்கைக்குப் போகிறவரைத் தடுத்துச் சோதிக்க இலங்கை கட்டிய இடம், இலங்கையிலிருந்து துரத்தப்பட்டவர்க்கு இந்தியா கொடுத்த கூரையாயிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது.

கல்முனைக்கு வருகிறேன். கப்பல் நின்ற பிறகு, கல்முனையிலிருந்து நாகூருக்கு வழி கொழும்பு வழியாகத்தான். இந்திய விசாவுக்குக் கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகராலயம், இல்லையேல் கண்டி. யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் வந்தது 2010இல். மூன்றும் இக்கரைக்குத் தொலைவு. இரவு பஸ்ஸில் ஏறி, விடியலில் கொழும்பில் இறங்கி, வரிசையில் நின்று, ஒரு புகைப்படத்தின் அளவு பிசகியதற்காகத் திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையை வாரிக்கொண்டு போனபோது, உயிர்களோடும் வீடுகளோடும் பிறப்புச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் போயின. உயிர் பிழைத்தவர், தாம் பிறந்ததை அரசுக்கு மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

மருதமுனையில் தறி நெய்து முதுமை அடைந்த ஒருவர் அந்த நாட்களில் என்னிடம் சொன்னார்: "மௌத்தாக முந்தி ஒருக்கா நாகூருக்குப் போகணும் தம்பி." கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு ஆண்டு தவறாமல் போகிறவர். "இங்கே இருக்கிறாரே" என்றேன். "இஞ்ச இருக்கிறது அவர்ர பேர். அடங்கியிருக்கிறது அங்கதானே" என்றார். எனக்குப் பதில் இல்லை.

மின்னியல் விசா இவரைப் போன்றவருக்கு எதைக் கொடுத்தது என்று பார்க்கவேண்டும். இலங்கை, தன் நாட்டுக்கு வருவோருக்கான ஈ.டி.ஏ. முறையை 2012 ஜனவரி 1இல் தொடங்கிவிட்டது. 2024 ஏப்ரலில் அந்தப் பணி வெளிநாட்டு நிறுவனக் கூட்டமைப்பு ஒன்றிடம் கொடுக்கப்பட்டதும், கட்டணம் ஏறி விவகாரம் நீதிமன்றம் போனதும், ஆகஸ்ட் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும், செப்டம்பர் இறுதியில் பழைய முறை மீண்டதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. இந்தியாவின் மின்னியல் விசா 2014 நவம்பர் 27இல் 43 நாடுகளுக்குத் தொடங்கியது. பட்டியலில் இலங்கை இல்லை. 2015 மார்ச்சில் கொழும்பு வந்த பிரதமர் மோடி, ஏப்ரல் 14 முதல் இலங்கையருக்கும் அது கிடைக்கும் என்று அறிவித்தார். சித்திரைப் புத்தாண்டு நாள். கல்முனையில் நான்கு கடைக்கு ஒரு 'கொமியூனிகேஷன்' உண்டு. நிழற்பிரதி எடுத்து, தொலைபேசி அட்டை விற்று, பரீட்சை முடிவு பார்த்துக் கொடுத்த அந்தக் கடைகள் புதிதாக ஒரு பணியை ஏற்றன. கொழும்புப் பஸ் பயணம், கடைப் பையனின் கணினித் திரை வரைக்குமான நடையாகச் சுருங்கியது. இது சிறிய காரியமன்று.

ஆனால் படிவத்தை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். இக்கரையில் தகப்பனார் பெயரே முன்னெழுத்தாக நிற்கிறது. குடும்பப் பெயர் என்பதே இல்லை. பரம்பரை அடையாளமான 'குடி' தாய்வழி வருவது. அதற்குப் படிவத்தில் இடமில்லை. முகம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை விதமுண்டோ அத்தனை விதமும் ஒரே குடும்பத்தின் ஆவணங்களில் காணலாம். அடுத்து மதம். அடுத்து உடலில் காணக்கூடிய அடையாளம். அடுத்து, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் நாட்டவரா, அந்த மண்ணைச் சேர்ந்தவரா என்ற வினா. ஆம் என்றால் மின்னியல் விசா கிடையாது, தூதரகத்துக்குத்தான் போகவேண்டும். கல்முனையாருக்கு இல்லை என்று பதில் எழுதுவது எளிது. கேள்வியைப் படிக்கும் கணத்தில் நெஞ்சில் ஒன்று தட்டுவது அத்தனை எளிதில் போவதில்லை.

பிறந்த ஊர் என்ற கட்டமும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 26ஆம் தேதி சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் நடந்த குண்டுவெடிப்பால் அவ்வூரின் பெயர் உலகச் செய்தியாயிற்று. அந்த வீட்டில் வந்து தங்கியவர்கள் மேல் ஐயுற்றுத் தகவல் சொன்னவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் போனது. அதன்பின் படிவத்தில் ஊர்ப்பெயரை எழுதும்போது கை தயங்குகிறது என்று சொன்ன இளைஞர்கள் சிலரைச் சந்தித்திருக்கிறேன்.

மருதமுனைப் பெரியவருக்காகப் பேரன் ஒருவன் படிவம் நிரப்பிய கதையையும் கேள்விப்பட்டேன். இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் பெயரும் முகவரியும் தருக என்ற கட்டத்தில், "ஷாகுல் ஹமீது ஆண்டகை, நாகூர் எண்டு போடு" என்றாராம் கிழவர். பேரன் தங்கும் விடுதியின் பெயரைப் போட்டான்.

பணம் கட்டி, மின்னஞ்சலில் அனுமதி வந்துவிட்டாலும் முடிந்துவிடவில்லை. இந்திய மின்னியல் விசா எல்லா வாயிலுக்கும் உரியதன்று. குறித்த வாயில்கள் மட்டுமே பட்டியலில் உண்டு. 2014இல் அது ஒன்பது விமான நிலையங்களோடு தொடங்கியது. துறைமுகங்கள் பின்னரே சேர்ந்தன. கப்பல் சீட்டு வாங்குமுன் இறங்கப்போகும் துறை பட்டியலில் இருக்கிறதா என்று அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டி இரட்டிப்புப் பணம் கறக்கும் தளங்கள் தேடுபொறியில் முன்னால் வந்து நிற்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கப்பல் மீண்டும் வந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' ஓடியது. சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை'. நாகப்பட்டினத்தில் இறங்கினால் நாகூர் பக்கத்திலேதான். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, வவுனியா வழியாகக் காங்கேசன்துறை போய்ச் சேர்வது ஒரு பகல் பாடு; அதற்கப்பால் சில மணி நேரக் கடல்.

ஒரு தடை பாக்கி. வடகீழ்ப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் இந்தக் கப்பல் நிறுத்தப்பட்டுவிடுகிறது. ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையோ 2023இலும் 2024இலும் டிசம்பரில் வந்தது. 2025இல் நவம்பர் இறுதியில். நாகூரில் கொடியேறும் நாளில் கப்பல் கட்டிக் கிடந்தது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அந்தக் கணக்குப்படி 2030 வாக்கில் கொடியேற்றம் செப்டம்பர் இறுதிக்கு வந்துவிடும். மழைக்கு முந்திய, கடல் அடங்கிய நாட்கள் அவை. கப்பல் அப்போதும் ஓடினால், கல்முனையிலிருந்து கொடியேற்றத்துக்குக் கடல் வழியே போய் வரலாம்.