பாண்டியன் குதிரைக்கு பிரியாணி போட்டானா?

முதல் வேலையில சேர்ந்த புதுசு. லீவுக்குப் பழனி போயிருந்தப்ப, வாய் சும்மா இருக்காம அப்பிச்சிகிட்ட ஒரு கதை எடுத்து விட்டேன். "தெரியுங்களா அப்பிச்சி, நம்ம பாண்டிய ராஜாக்கள் அரபு தேசத்துலேர்ந்து ஆயிரக்கணக்குல குதிரை வாங்கி, சோறும் கறியும் வேகவெச்சுப் போட்டே கொன்னுட்டாங்களாம். மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்காரு." சொல்லிட்டு நானே சிரிச்சேன். அப்பிச்சி சிரிக்கல. ஜட்கா ஓட்டி அஞ்சு பிள்ளைங்களைக் கரை சேர்த்த மனுஷன். ரொம்ப நேரம் கழிச்சு, "அந்தாளு குதிர வளத்திருக்கானா கண்ணு?"ன்னு மட்டும் கேட்டார்.

அப்பிச்சி இப்ப இல்லை. அன்னைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல போலோ சொன்னது. 1292-93 வாக்கில் அவர் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், கிஷ், தோபார், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரைகளை இறக்கிக்கொண்டிருந்த காலம். ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல வாங்குவாராம், அவரோட நாலு சகோதரர்களும் தலைக்கு அதே அளவு. வருஷக் கடைசியில் நூறு கூடத் தேறாதாம். காரணமா ரெண்டு விஷயம் சொல்றார். ஒண்ணு, வெந்த சோறும் கறியும். இன்னொண்ணு, குதிரை பார்க்கத் தெரிந்த ஆளே இங்கே கிடையாது. அப்படி யாரும் இங்கே வராமல் வியாபாரிகளே தடுக்கிறார்கள். குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷம் வியாபாரம்!

பாரசீகத்து வஸ்ஸாப்பும் கிட்டத்தட்ட இதே பாட்டுத்தான். (இவர் இங்கே வராமலே எழுதினவர். நம்ம ஜாதி :-)) குதிரை ஒண்ணு 220 பொன் தினார், வழியில் செத்ததுக்கும் சேர்த்துப் பணம். இங்கே வந்ததும் பச்சை பார்லிக்குப் பதிலா வறுத்த பார்லி, வெண்ணெயில் பிசைந்த தானியம், குடிக்கக் காய்ச்சின பசும்பால். நாற்பது நாள் முளையடிச்சுக் கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பார்களாம்.

படிச்சதும் 'நம்மாளுங்க முட்டாள்கள்'னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம்தான் அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரியைப் பற்றின பகுதி கண்ணில் பட்டது. உயர்ந்த ஜாதிக் குதிரைக்கு அதில் சொல்லியிருக்கும் படி: ரெண்டு துரோணம் அரிசியோ பார்லியோ, ஊறினதாகவோ வெந்ததாகவோ; ஒரு பிரஸ்தம் எண்ணெய், 5 பலம் உப்பு, 50 பலம் இறைச்சி. கூடவே தயிர் அல்லது இறைச்சிச் சாறு, மதுவோ பாலோ. தினம் ரெண்டு வேளை குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மாலை போடணும் என்பது வரைக்கும் எழுதியிருக்கு. (மேனேஜர் எனக்கு இதில் பாதி செஞ்சாக்கூட ஆணி புடுங்குறதைப் பத்திப் புலம்பவே மாட்டேன்.) அதாவது போலோ கேலி பண்ணின சோறும் கறியும், போலோவுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இந்தியாவில் எழுத்தில் இருந்த பத்தியம். தெரியாத்தனத்தில் போட்டதில்லை, வசதியுள்ளவன் தன் பட்டத்துக் குதிரைக்குப் போட்டது.

இதைவிட ஒரு வேடிக்கை. அதே போலோ, அதே புத்தகத்தில், அரபுக் கரையிலிருக்கும் ஷிஹ்ர் துறைமுகத்தில் குதிரை, மாடு, ஒட்டகம் எல்லாமே சின்ன மீனைத் தின்று வாழ்கின்றன என்கிறார். அங்கிருந்து குதிரைகள் இந்தியாவுக்குப் போகின்றன என்றும் அவரே சொல்றார். அரபுக்காரன் மீன் போட்டா அதிசயம், மதுரைக்காரன் கறி போட்டா மடத்தனமா? என்ன ஓய் நியாயம் இது?

வேகவைப்பதும் அப்படி ஒண்ணும் தப்பில்லை. வெந்த மாவுச்சத்து சிறுகுடலிலேயே ஜீரணமாகிவிடும். வேகாதது அதிகமாகப் பெருங்குடலுக்குப் போனால்தான் அங்கே புளித்து வயிற்றுவலி, குளம்பு வீக்கம் என்று இழுத்துவிடும். பின்னாளில் மெட்ராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரர்களின் குதிரைகளும் வேகவைத்த கொள்ளுதான் தின்றன. எண்ணெயும் அப்படியே. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் கொழுப்பை நன்றாகவே செரிக்கும். சில வாரங்களில் ரோமத்தில் மினுமினுப்பு ஏறும். அப்பிச்சி மழைக்காலத்தில் ரோமம் மங்கினா கொள்ளோடு ஒரு கை எள்ளுப் புண்ணாக்கு சேர்ப்பார். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க! வளர்ந்த குதிரைக்குப் பால்தான் சரிப்படாது, வயித்தால போகும்.

அப்ப ஏன் செத்துச்சு? என் கணிப்பு: பாத்திரத்தை விட முளைக்குச்சியில்தான் கோளாறு. ஓடிப் பழகின பிராணியை வாரக்கணக்கில் கப்பலில் அடைத்து, இறங்கினதும் நாற்பது நாள் கட்டிப்போட்டு கனமான தீனி கொடுத்தால், மேலே பளபளப்பு ஏறும், உள்ளே குளம்பு வெந்துபோகும். கூடவே நம்ம கரையோரப் புழுக்கம். வறண்ட ஊர்க் குதிரை இங்கே வந்தால் சிலதுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். தோல் வறண்டு, முகத்தில் முடி கொட்டி, மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஆங்கிலேயர் கொண்டுவந்த பந்தயக் குதிரைகளிலும் பின்னாளில் இதைக் கண்டார்கள். ஆளை வரவிடாமல் தடுத்தார்கள் என்று போலோ சொன்னதை மட்டும் நான் முழுசா நம்பறேன். குளம்பு பார்க்கவும் உடம்பு தேய்க்கவும் தெரிந்த ஆள் இல்லாத லாயத்தில், நெய்யை ஊற்றி என்ன பிரயோஜனம்?

தேய்ப்பு சாதாரண விஷயமில்லை. குதிரை வியர்வையில் உப்பு ஜாஸ்தி. அது அப்படியே காய்ந்தால் ரோமம் விறைத்து மங்கிப்போகும். தேய்க்கத் தேய்க்கத்தான் தோலில் ஊறும் எண்ணெய் முடி நுனி வரைக்கும் போய்ச் சேரும். அப்பிச்சி கடைசிச் சவாரி முடிச்சு வந்ததும் தான் சாப்பிட மாட்டாராம். வைக்கோலைப் பிரியா முறுக்கி, கழுத்திலிருந்து பின்பக்கமா, ரோமம் படிஞ்ச திசையிலேயே தேய்ப்பாராம். முடிச்சதும் தோள்ல கிடக்கிற வெள்ளைத் துண்டால முதுகில் ஒரு இழுப்பு. துண்டில் அழுக்கு ஒட்டினா மறுபடியும் முதல்லேர்ந்து. அதுக்குள்ள அம்மாயி ரெண்டு தடவை சோத்தைச் சுட வெச்சிருக்கும்னு அம்மா சொல்லுவாங்க.

அடுத்த பதிவில் ஆவுடையார்கோயில் கல் குதிரைகள். போலோ ரசிகர்கள் பின்னூட்டத்தில் வரிசையா வரவும்.