கல்லான மரமும் காணாமல் போன வெப்சைட்டும்

போன பௌர்ணமிக்கு அம்மா, மாமாவோட திருவக்கரை போயிருந்தேன். வக்கிரகாளியம்மன் கோயில்ல செம கூட்டம். தரிசனம் முடிஞ்சதும் மாமாவும் நானும் பக்கத்துல இருக்கிற கல்மரப் பூங்காவுக்குப் போனோம். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கிற இடம். 1781லயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, இங்கே மணலில் புதைந்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள்.

மாமா ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துட்டு, "இது இத்தனை கோடி வருஷம் கிடக்குது. நீ போட்டுக் கொடுத்த வெப்சைட் நாலு வருஷம் தாங்கலையேடா"ன்னார்.

மாமாவுக்குத் திண்டிவனத்துல போட்டோ ஸ்டூடியோ. நான் முதல் வருஷ இன்ஜினியரிங் படிக்கும்போது, ஒரு இலவச சேவையில அவருக்கு சைட் போட்டுக் கொடுத்தேன். கோடிங் எதுவும் வேண்டாம். படத்தை இழுத்துப் போடு, பெயரை டைப் பண்ணு, அவ்வளவுதான். ஒரே சாயங்காலத்துல முடிஞ்சது. அப்புறம் மாமாவே கல்யாணம், காதுகுத்து, தேர்த்திருவிழா படமெல்லாம் ஏத்த ஆரம்பிச்சார். நாலு வருஷம் கழிச்சு அந்த இலவச சேவையை மூடிட்டாங்க. முன்கூட்டியே மெயில் அனுப்பியிருக்காங்க. நான் திறக்காமலே விட்ட பழைய மெயில் ஐடிக்கு! மாமாவோட ஹார்ட் டிஸ்க்கும் அதுக்குள்ள போயிருந்தது. சில படங்கள் இப்ப எங்கேயுமே இல்லை.

இந்தக் கதை புதுசு இல்லை. 1990ல டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவா பக்கத்துல உருவாக்கின முதல் பிரவுசரே ஒரு எடிட்டரும்கூட. படிக்கிற இடத்திலேயே எழுதலாம். பின்னாடி வந்த பிரபல பிரவுசர்கள் படிக்க மட்டும்தான். எழுதணும்னா எச்டிஎம்எல் தெரியணும். அந்த இடைவெளியில நுழைஞ்சது வெர்மீர் என்ற சின்ன கம்பெனியோட ஃபிரன்ட்பேஜ். 1996 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் அந்த கம்பெனியைச் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கியது.

காசில்லாதவங்களுக்கு வந்தது ஜியோசிட்டீஸ். 1994ல தொடங்கினது. சினிமாவா, ஹாலிவுட் பேட்டை. படிப்பு, இலக்கியமா, ஏதென்ஸ் பேட்டை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதவு எண். யாஹூ வாங்கின பிறகு, இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டுற பேஜ்பில்டரும் வந்தது.

அந்த ஏதென்ஸ் பேட்டையில 5180ஆம் எண் வீடு நம்ம ஆளுடையது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர்ல வேதியியல் ஆய்வாளரா இருந்த கு. கல்யாணசுந்தரம், தமிழ் மின்நூலகத்தை அங்கேதான் வச்சிருந்தார். 1998 பொங்கலன்னிக்கு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினவரும் அவர்தான். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாம உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செஞ்சாங்க.

ஆனா தமிழுக்குக் கூடுதலா ஒரு தலைவலி. 'திரையில் பார்ப்பதுதான் கிடைக்கும்' என்பது இந்தக் கருவிகளோட வாக்குறுதி. நமக்கு அது பலிக்கலை. நான் தமிழ்ல பார்ப்பேன். உங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இல்லைன்னா கோணல்மாணலா ஏதோ தெரியும். ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு குறியாக்கம். இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. யூனிகோட் பரவின பிறகுதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது.

அதுக்குள்ள வீட்டுக்காரருக்கே ஆர்வம் போயிடுச்சு. யாஹூ 1999ல சுமார் 350 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கின ஜியோசிட்டீஸை 2009 அக்டோபர் 26ல மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ராத்திரி பகலா நகலெடுத்து, முடிஞ்சதை மீட்டது. மீதி போனது போனதுதான்.

மதுரைத் திட்டம் தப்பிச்சது. காரணம், அதுக்குச் சொந்த முகவரி இருந்தது. நூல்களைத் தனித்தனி கோப்புகளா யார் வேணும்னாலும் இறக்கி வச்சுக்கலாம், மத்தவங்களுக்கும் கொடுக்கலாம்னு விட்டிருந்தாங்க. பழைய குறியாக்கத்துல இருந்த நூல்களை யூனிகோடுக்கும் மாத்தினாங்க. ஒரு வீடு இடிஞ்சாலும் சாமான் பத்து வீட்டுல இருந்தது.

நான் இன்ஜினியர்தான். ஆனாலும் சுலபமான கருவிகளைக் கிண்டல் பண்ண மாட்டேன். அது இல்லைன்னா மாமா ஒரு படம்கூட ஏத்தியிருக்க மாட்டார். நான் கேட்க மறந்த கேள்வி வேற: உள்ளே போறது சுலபம், சாமானோட வெளியே வர வழி இருக்கா?

திரும்பி வரும்போது கார்ல மாமா, "மறுபடியும் ஒண்ணு போடலாமாடா?"ன்னு கேட்டார். போட்டாச்சு. இந்தத் தடவையும் இழுத்துப் போடுற கருவிதான். ஆனா டொமைன் மாமா பேர்ல, மெயில் மாமாவோட மெயில். எல்லாப் படமும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல. மாசம் ஒரு தடவை முழு சைட்டையும் இறக்கி வைக்கிறது என் வேலை.

உங்க வீட்டுல, கடையில யாருக்காவது இப்படி சைட் போட்டுக் கொடுத்திருந்தா, இன்னைக்கு ராத்திரியே ஒரு நகல் எடுத்து வச்சிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.