இரண்டு சட்டங்கள்

பழைய காரைப் பிரித்து, அதன் சட்டத்தை அறுத்து ஒட்டி, வேறு அச்சும் வேறு கூடும் ஏற்றிப் புது வண்டியாக்கும் வேலைக்கு அமெரிக்காவில் ஹாட் ராட் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளும், 1930களில் அங்கே பழைய ஃபோர்டுகளைச் செதுக்கிப் பந்தயம் விட்ட இளைஞர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். சிங்கப்பூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பது இயல்பு. 1990 முதல் கார் வைத்திருக்கும் உரிமையையே பத்தாண்டுக் கணக்கில் ஏலம் விடும் ஊர் இது. வண்டி கிழடாவதற்கு முன்பே கழித்துக் கட்டிவிடும் இடத்தில் பழைய சட்டத்தை வைத்து யார் விளையாடியிருக்க முடியும்? ஆனால் என் கட்சி வேறு. அமெரிக்க இளைஞர்கள் கையில் எடுத்த அதே ஃபோர்டில், அவர்களுக்குச் சற்று முன்பாகவே, சிராங்கூன் சாலைக்கும் ரோச்சோர் ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தைச் சுற்றி இந்தக் கைவேலை நடந்தது. அது பொழுதுபோக்காக அல்ல, பிழைப்பாக நடந்தது. அது ஓய்ந்ததும் கைத்திறன் வற்றியதால் அல்ல, உரிமச் சீட்டால்தான்.

சிராங்கூன் பகுதியின் தெருப் பெயர்களைப் படித்தாலே பாதிக் கதை வந்துவிடும். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, பெலிலியோஸ் சாலை. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பெலிலியோஸ், கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரத்தில் கொழித்த யூதர். கேகே மருத்துவமனையின் முதலெழுத்துகள்கூட காண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். (பிள்ளைப்பேற்றுக்குப் பேர்போன மருத்துவமனைக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.) இந்த மாடுகள் பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டும் வளர்ந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரின் குடிநீரும் சரக்கும் மாட்டு வண்டியில்தான் நகர்ந்தன. கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கே தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். வண்டியோட்டியவர்களில் தமிழர் கணிசம். வண்டி ஓடுகிற ஊரில் வண்டிப் பட்டறை இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் மரச் சக்கரம் ஓயாமல் செப்பனிட வேண்டிய பொருள். நடுவில் குடம், அதில் அறைந்த ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வளைத்து, வரட்டி அடுக்கிய நெருப்பு வளையத்தில் சிவக்கக் காய்ச்சி, நாலு பேர் குறட்டால் தூக்கி வட்டையின் மேல் இறக்குவார்கள். உடனே தண்ணீர். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் குடத்துக்குள் முனகியபடி இறுகும். குறைத்தது அதிகமானால் வட்டை தெறிக்கும், போதாவிட்டால் பட்டா கழன்று போகும். எந்த அளவுகோலிலும் இல்லாத இந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும்.

இந்தக் கணக்கு தெரிந்தவரின் முன்னால் ஃபோர்டு மாடல் டி காரை நிறுத்திப் பார்த்தால்தான் என் வாதம் விளங்கும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் உருவான கார் அது. பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதிக்குக் கனடாவின் ஃபோர்டு நிறுவனமே வண்டிகளை அனுப்பியது. அதன் கிளையாக ஃபோர்டு மலாயா 1926இல் சிங்கப்பூரில் அமைந்தது. காரின் எலும்புக்கூடு எளிமையானது. நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், முன்னும் பின்னும் குறுக்காகப் படுத்திருக்கும் தலா ஒரு பட்டை ஸ்பிரிங். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 100 அங்குலம். இஞ்சின் 20 குதிரைத்திறன். சக்கரத்தின் ஆரக்காலோ மரம்! குடத்தில் துளையிட்டு அறைவதற்குப் பதிலாக ஆரக்கால்களின் அடியை ஆப்புபோலச் செதுக்கி ஒன்றோடொன்று நெருக்கி, இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே போல்ட்டால் முடுக்கியிருந்தார்கள். வண்டித் தச்சருக்கு இது புது முறைதான், ஆனால் புது உலகம் இல்லை.

பிரேக்கும் மரச் சக்கரம்போல ஓயாமல் செப்பனிட வேண்டியதுதான். மாடல் டியின் மூன்று மிதிகளில் வலது பக்கத்தது பிரேக். அதை மிதித்தால் சக்கரத்தில் நேராக எதுவும் பிடிக்காது. கியர்பெட்டிக்குள் எண்ணெயில் சுழலும் உருளையைப் பருத்தி நாடா வைத்த ஒரு பட்டை இறுக்கும். அந்தப் பிடி நடுத்தண்டு வழியாகப் பின்னச்சுக்குப் போய்ப் பிறகுதான் சக்கரத்துக்கு வரும். பின்னச்சுக்குள் பல்சக்கரத்தின் பின்னால் வெள்ளீயக் கலவையில் வார்த்த ஒரு வாஷர் இருக்கும். அது பொடிந்தால் பல் விலகும், பல் விலகினால் ஓட்டமும் இல்லை, மிதி பிரேக்கும் இல்லை. இன்றைக்கும் இந்தக் காரைச் சீர்செய்பவர்கள் முதலில் செய்யும் வேலை அந்த வாஷரைக் கழற்றி எறிந்து வெண்கலத்தில் கடைந்து போடுவதுதான். நாளுக்கு நூறு தடவை நின்று கிளம்பும் வண்டிக்குப் பருத்தி நாடா எத்தனை வாரம் தாங்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1920களில் சிங்கப்பூரில் அப்படி நின்று கிளம்பியவைதான் கொசு பஸ்கள். மாடல் டியின் சட்டத்தின் மேல் உள்ளூரில் கூடு கட்டி ஏழு பேரை ஏற்றிய வண்டிகள். போக்குவரத்தின் இடுக்குகளில் புகுந்து பறந்ததால் அந்தப் பெயர். ஐந்து பேர் உட்காரும் காராகப் பிறந்தது, ஓட்டுநரோடு எட்டுப் பேரைச் சுமந்தது. மொத்தம் அரை டன் எடையைத் தாண்டிய கார் அது. ஆளுக்கு அறுபது கிலோ என்று வைத்தாலும் சுமை வண்டியின் எடையை நெருங்கிவிடும். கூட்டை மட்டும் மாற்றி இதைச் சமாளிக்க முடியாது. ஸ்பிரிங்கும் அச்சும் சட்டமும் பட்டறைக்கு வந்துதான் தீரவேண்டும். வந்த இடமும் தெரிந்ததே. ரிக்‌ஷா, சைக்கிள், பஸ், உதிரிபாகம் என்று சக்கரம் சார்ந்த தொழில்களில் வரிசையாகக் காலூன்றிய ஹெங்ஹுவா சீனர்கள் சுங்கை ரோடு, ஜாலான் புசார் பக்கம்தான் குடியிருந்தார்கள். சிராங்கூன் சாலையின் தேக்காவிலிருந்து நடந்துபோகிற தூரம்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். ஹாட் ராட் ஆசைக்கும் வேகத்துக்கும் செய்வது, பஸ் வயிற்றுக்குச் செய்வது, இரண்டையும் ஒன்றாக்கலாமா என்பது முதலாவது. நோக்கம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைவேலையை நோக்கத்தால் பிரிப்பது சரியில்லை. அறுப்பது, வளைப்பது, துளையிட்டுத் தறைவது, தொழிற்சாலை நினைத்துப் பார்க்காத சுமைக்கு ஒரு சட்டத்தைத் தயார்செய்வது ஆகியவை இரண்டிலும் ஒன்றே. வேகமும் இல்லாமல் போகவில்லை. பயணியைப் பிடிக்க ஒன்றையொன்று முந்தி ஓடியதுதான் கொசு பஸ்களின் மேல் இருந்த பெரிய புகார். அடுத்த மறுப்பு இன்னும் கூரானது: இது சீனர் கதை, தமிழில் எழுத இதில் என்ன இருக்கிறது? சிராங்கூன் என்றதும் எல்லாவற்றையும் தமிழர் கணக்கில் வரவு வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது செல்லாது. கொசு பஸ் முதலாளிகள் பெரும்பாலும் சீனர்கள்தான். ஆனால் அந்தத் தாழ்நிலத்தைச் சக்கரத்தின் இடமாக ஆக்கியதில் மாட்டுக்கும் வண்டிக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கில் தமிழ்க் கைகளும் உண்டு. நான் கேட்பது அவ்வளவே.

முடிவுக்குக் காரணம் உரிமம் என்றேன். 1905இல் தொடங்கிய மின்சார டிராம் சிராங்கூன் சாலை வழியாகவும் ஓடியது. மெக்கன்ஸி சாலையில் அதற்கு மின்நிலையம். டிராம் நொடித்தபோது, 1925இல் ஒரு சட்டம் இயற்றி நகரப் போக்குவரத்தைச் சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். 1926இல் டிராலி பஸ் வந்தது, 1927இல் டிராம் மறைந்தது. பெரிய முதல் போட்ட கம்பெனிக்குக் கொசுக்கடி தாங்கவில்லை. 1930களில் உரிமக் கட்டுப்பாடு இறுகியது. தனி வண்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து சீன பஸ் கம்பெனிகள் ஆனார்கள், ஏழு இருக்கை வண்டிகள் சாலையை விட்டுப் போயின. தமிழில் ஃபிரேமுக்கும் சட்டம், லாவுக்கும் சட்டம். இரண்டாவது சட்டம் வந்ததும் முதல் சட்டத்தில் கைவைக்கும் உரிமை போயிற்று. மிஞ்சியது கூடு கட்டும் வேலை. தமிழ்நாட்டின் கரூரில் இன்றும் பஸ் பாடி கட்டுபவர்கள் நிற்கும் எல்லைக்கோடு அதுதான். கூட்டில் கலையைக் காட்டலாம், கம்பெனி கொடுத்த சேஸிஸைத் தொடக்கூடாது.

சிங்கப்பூரில் பந்தயக் கார்களே இருந்ததில்லையா என்று கேட்கலாம். இருந்தன. தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்தது. ஆனால் வென்றவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் பிறந்த வண்டிகள். சொந்தமாக வண்டி கட்டி வந்து வென்றவர் என்றால் 1968இல் எல்ஃபின் காரோடு வந்த கேரி கூப்பர், அவர் ஆஸ்திரேலியர். பட்டறைக் கைவேலையின் வாரிசை அங்கே தேடிப் பயனில்லை. பிரிட்டிஷ் ராணுவம் கழித்துப்போட்ட சாமான்கள் குவிந்த சுங்கை ரோடு சந்தையில் தேடலாம். அந்தச் சந்தையும் 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது.

இன்றைய விதியில் 1940 ஜனவரி 1க்கு முன் உருவான வண்டிகளுக்குத் தனித் திட்டம் உண்டு, ஆண்டில் சில நாள் மட்டும் ஓட்டலாம். சேஸிஸை மாற்றியமைக்க மட்டும் எந்த வண்டிக்கும் அனுமதி கிடையாது. நூறு வருடத்துக்கு முந்தைய கொசு பஸ் ஒன்று ஏதாவது கொட்டகையில் அகப்பட்டால், அதை ஜாலான் புசாரில் மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் மரக் கூட்டைக் கழற்ற வேண்டும். பிறகு பட்டறைக்காரர் சேர்த்த பட்டைகளையும் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கனடாவிலிருந்து வந்திறங்கிய அன்றைக்கு இருந்த ஐந்திருக்கைக் காராக அதைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் உரிமத்தைப் பற்றிப் பேச்சே.