ஹார்மோனிக்ஸ் தணிப்பு

தொழிற்சாலை மின்னமைப்பில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையோடு அதன் மடங்கு அதிர்வெண்களும் கலந்து அலைவடிவம் சிதைவதைக் கட்டுக்குள் வைக்கும் முறைகள். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்களே இன்று இந்தச் சிதைவுக்கு முக்கியக் காரணம். அவற்றிலுள்ள ஆறு துடிப்பு ரெக்டிஃபையர் மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் விட்டுவிட்டு இழுக்கிறது. 5, 7, 11, 13ஆம் மடங்குகள் பிறக்கின்றன. மின்மாற்றியும் கேபிளும் சூடேறுகின்றன.

முதலில் அடிவாங்குவது பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர். மின்மாற்றியின் தூண்டலோடு அது ஏதேனும் ஒரு மடங்கில் ஒத்ததிர்ந்தால் மின்னோட்டம் பெருகி ஃபியூஸ் போகும், டப்பா உப்பும். கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு. தொடராக 7 சதவீத ரியாக்டர் சேர்த்தால் அந்தக் கிளையின் இசைவு 189 ஹெர்ட்ஸில், அதாவது ஐந்தாம் மடங்கான 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிற்கும். ஆனால் 415 வோல்ட் லைனில் கெப்பாசிட்டர் முனைகளில் சுமார் 446 வோல்ட் ஏறும். 440 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது, 480 அல்லது 525 வோல்ட் தரத்தில் வாங்க வேண்டும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இது.

இந்த ரியாக்டர் கெப்பாசிட்டரைக் காக்குமே தவிர, ஹார்மோனிக்ஸை அதிகம் குறைக்காது. அதைக் குறைக்க, டிரைவின் முன் லைன் ரியாக்டர் வைப்பது மலிவான முதல் படி. பெரிய சுமைகளுக்கு ஸ்டார், டெல்டா சுற்றுகளால் 30 டிகிரி கட்டம் மாற்றி ஊட்டும் பன்னிரு துடிப்பு அமைப்பு 5, 7ஆம் மடங்குகளைப் பெருமளவு ரத்துசெய்யும். சுமை மாறிக்கொண்டே இருக்கும் ஆலைக்கு, எதிர் மின்னோட்டம் செலுத்தும் ஆக்டிவ் ஃபில்டரே ஏற்றது. ஐட்ரிபிள்இ 519 தரநிலை, 1 முதல் 69 கிலோவோல்ட் வரையிலான இணைப்பில் மொத்த வோல்டேஜ் சிதைவுக்கு 5 சதவீத வரம்பு வைக்கிறது.